ஏழு மீட்டர் தள்ளி நின்று பார்த்தவை

ஓய்வு பெற்ற பிறகு, என் பழைய வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கொரில்லாவுக்குப் பக்கத்துல போனா பயமா இருக்காதா?" கொரில்லாவைக் கண்டு நான் பயந்ததே இல்லை. நான் பயந்ததெல்லாம் அதைப் பார்க்க என்னோடு விமானம் ஏறி வந்த மனிதர்களைக் கண்டுதான். யார் தும்மப் போகிறார்கள், யார் கையை நீட்டப் போகிறார்கள், யார் பையில் வாழைப்பழம் ஒளிந்திருக்கிறது என்று முதுகிலும் ஒரு ஜோடிக் கண் வைத்துக்கொண்டு காடு காடாக நடந்தவள் நான்.

போன மாதம் சிட்னியின் பரமட்டாவிலுள்ள எங்கள் பழைய பயண நிறுவன அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர், நான் செய்துவந்த வேலையைச் செய்கிறவர்கள், ஒரு சங்கடத்தைச் சொன்னார்கள். இப்போது வாடிக்கையாளர்கள் டிஜிட்டல் கேமராவில் எடுத்த யார் யாருடைய படங்களையோ மின்னஞ்சலில் அனுப்பி, "இவர்களை இவ்வளவு கிட்டப் போக விட்டிருக்கிறார்களே, நீங்கள் ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்?" என்று சண்டைக்கு வருகிறார்களாம். என்ன பதில் சொல்வது என்று கேட்டார்கள். தில்லைநாதன் அங்கிளின் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கதையின் உயிர் ஒரு தமிழ் எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது பாதிதான் வந்தது. மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவள். மெல்பர்னில் மாணவராகப் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த என் கணவருக்கு 1983இல் சிட்னியில் வேலை கிடைத்தது. கிள்ளானில் நான் பள்ளி ஆசிரியை. இங்கே என் சான்றிதழை யாரும் ஏற்கவில்லை. பரமட்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செருப்புத் தைக்கும் கடைக்கு மேல்மாடியில், ஒரு சின்னப் பயண நிறுவனம் இருந்தது. டிக்கெட் எழுத ஆள் வேண்டும் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். ஏறிப் போனேன். இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் இறங்கினேன். டிக்கெட் எழுதவும் விசா வாங்கவும் டெலெக்ஸ் அடிக்கவும் கற்றுக்கொண்டதைச் சொல்லி உங்களை அலுப்பூட்ட மாட்டேன். அவற்றில் பாதி இன்று உலகத்திலேயே இல்லை.

அந்த நிறுவனம் மார்கரெட்டுடையது. அவர் முன்பு குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். உயரமானவர், குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையாவது தடுக்க வேண்டியிருந்தால் அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "வாருங்கள், தேநீர் குடிப்போம்" என்பார். தேநீர் குடித்து முடிக்கும்போது அவர்கள் தங்கள் எண்ணத்தைத் தாங்களே கைவிட்டிருப்பார்கள். நான் எவ்வளவோ முயன்றும் எனக்கு அந்த வித்தை கடைசி வரை கைவரவில்லை. நான் தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டு இரண்டு மடங்கு தெம்போடு சண்டை போட்டார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் நிறுவனத்தின் பெரிய சுற்றுலா, போர்னியோவில் ஓராங் ஊத்தான் பார்ப்பது. மலாயில் அந்தப் பெயருக்குக் 'காட்டு மனிதன்' என்று பொருள். மலாய் பேசுவேன் என்பதால்தான் மார்கரெட் என்னை மேசையிலிருந்து எழுப்பித் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். எங்கள் விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் ஒரு படம் இருந்தது. சிவப்பு முடிக் குட்டி ஒன்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்கும். அந்தப் படத்துக்காகவே ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அதேபோல ஒரு படம் வேண்டும்.

என் முதல் பயணத்தில் காட்டோரம் ஓரிடத்துக்குப் போனோம். அனாதைக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுவதாகச் சொன்ன இடம். பராமரிப்பாளர் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். எங்கள் குழுவில் பதினொரு பேர். ஏழாவது ஆளிடம் போனபோது குட்டி தும்மியது. சின்னக் குழந்தை தும்முவது போலவே, முகத்தைச் சுருக்கிக்கொண்டு. எல்லோரும் "அச்சச்சோ" என்று சிரித்தார்கள். மார்கரெட் சிரிக்கவில்லை. முன்னால் போய், குனிந்து, குட்டியின் மார்பருகே காதை வைத்துக் கேட்டார். பிறகு பராமரிப்பாளரிடம் அதைக் கொண்டுபோய் வெதுவெதுப்பாகப் படுக்க வைக்கச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். நான் மலாயில் சொன்னேன். அந்த மனிதருக்கு நிம்மதி. "தினமும் இப்படித்தான், அக்கா. நாளெல்லாம் கை மாறுது. ராத்திரி இருமிக்கிட்டே கிடக்கும்" என்றார்.

அதை மார்கரெட்டுக்கு மொழிபெயர்த்தேன். சிட்னி திரும்பிய மறுநாள், அட்டைப் படத்தோடு இருந்த புத்தகக் கட்டுகளை நாங்கள் இருவரும் மாடியிலிருந்து இறக்கிப் பழைய தாள் எடுப்பவரிடம் போட்டோம். புதிதாக அச்சடித்த புத்தகத்தின் அட்டையில் மரங்கள் மட்டும்தான். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இரண்டு வரிகள்: "தொட முடியாது. பார்க்காமலே திரும்பவும் நேரலாம்."

என் கணவர் அதைப் படித்துவிட்டு, "கடைய மூடப் போறாங்களா?" என்றார். அடுத்த பருவத்தில் எங்கள் தொலைபேசி அவ்வளவாக அடிக்கவில்லை. பழைய வாடிக்கையாளர்கள், தொட்டுப் பார்க்க விடுகிற வேறு நிறுவனங்களைத் தேடிப் போனார்கள். மார்கரெட் பதற்றப்பட்டதாகத் தெரியவில்லை. நான்தான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து திறந்து பார்த்தேன்.

ஒருநாள் கணவர் கேட்ட இன்னொரு கேள்வியையும் மார்கரெட்டிடம் கொண்டு போனேன். "அதுங்க மேல அவ்ளோ அக்கறைன்னா, போகாமலே இருந்துடலாமே?" நியாயமான கேள்வி. அடுத்த போர்னியோ பயணத்தில், எங்கள் படகோட்டி ஜம்ரியின் பக்கத்தில் மார்கரெட் என்னை உட்கார வைத்து, "இவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று கேள்" என்றார். கேட்டேன். மரம் வெட்டும் முகாமில் ரம்பம் பிடித்தவராம். அவருடைய அண்ணன் தம்பிகளும் அப்படியே. இப்போது மூவரும் படகு ஓட்டுகிறார்கள். ஓராங் ஊத்தான் கூடு கட்டிய மரம் எது, எந்த அத்தி எப்போது பழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கரையில் யாராவது ரம்பத்தோடு வந்தால் முதலில் சத்தம் போடுகிறவரும் ஜம்ரிதான். "நாம் வராவிட்டால் இவர் திரும்ப ரம்பத்தைத்தான் எடுக்க வேண்டும்" என்றார் மார்கரெட். "நாம் மோசமாக வந்தால் இவர் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒழுங்காக வரவேண்டும்."

அதே பயணத்தில்தான் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வந்ததிலிருந்து மழை. ஆற்றில் மேலும் கீழுமாகப் போனதுதான் மிச்சம், ஒரு முடியைக்கூடக் காணவில்லை. எங்களோடு மெல்பர்னில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற கெவின் என்பவர் வந்திருந்தார். "டிராமுக்காகக் காத்திருந்தவர்கள் என்னை எவ்வளவு திட்டியிருப்பார்கள் என்று இப்போதுதான் புரிகிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி நாள் ஜம்ரி சட்டென்று துடுப்பை நிறுத்தினார். கரையோர மரக்கிளையில் ஒரு தாய் ஓராங் ஊத்தான். பெரிய இலைக்கொத்து ஒன்றை ஒடித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. மடியில் குட்டி. அதற்கும் மேலே ஓர் இலை.

நாங்கள் பத்துப் பேர், மழைக்கோட்டு போட்டிருந்தும் உள்ளாடை வரை நனைந்து, படகில் நடுங்கிக்கொண்டு அதைப் பார்த்தோம். அது இலைக்குடையைக் கொஞ்சம் தூக்கி எங்களைப் பார்த்தது. எங்கள் நிலையைப் பார்த்துவிட்டு, மறுபடி குடையை இறக்கிக்கொண்டது. கெவின் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஊருக்குப் போய் ஆளாளுக்கு எத்தனை பேரிடம் சொன்னார்களோ, அடுத்த வருஷம் எங்கள் தொலைபேசி ஓயவில்லை.

பிற்பாடு உகாண்டாவின் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கவும் ஆட்களைக் கூட்டிப்போகத் தொடங்கினோம். அங்கே விதிகள் அந்த நாட்டுக்காரர்களுடையவை, கண்டிப்பானவை. ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர். ஒரு மணி நேரம். ஏழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கொரில்லா நம் பக்கம் வந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு சரியில்லாதவர் மலை ஏறக்கூடாது. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகிப் போகிற சளி, அவற்றுக்கு நிமோனியாவாகி ஒரு குடும்பத்தையே வாரிக்கொண்டு போய்விடலாம்.

இதற்காக மார்கரெட் ஒரு முறை வைத்திருந்தார். புறப்படும் வாரத்தில் ஒவ்வொரு பயணியையும் தானே தொலைபேசியில் கூப்பிடுவார். உடம்பு எப்படி என்று மறந்தும் கேட்கமாட்டார். கேட்டால் எல்லோரும் "நன்றாக இருக்கிறேன்" என்றுதானே சொல்வார்கள்? பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். தோட்டத்தைப் பற்றிக் கேட்பார். அவர்கள் பேசப் பேச, கண்ணை மூடிக்கொண்டு அவர்களுடைய மூச்சையும் மூக்கையும் கேட்டுக்கொண்டிருப்பார். வைத்த பிறகு ஒன்று தலையை ஆட்டுவார், அல்லது "இவரை மறுபடி கூப்பிட வேண்டும்" என்பார். நானும் பக்கத்து இணைப்பில் கேட்டுப் பழகினேன். தமிழ்ப் பயணிகள் சேரத் தொடங்கியபோது அவர்களைக் கூப்பிடுவது என் பொறுப்பானது. அப்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். மூக்கடைத்த தமிழனுக்கு 'ம' வராது. 'ப' தான் வரும். 'மாமி' என்று சொல்லச் சொன்னால் 'பாபி' என்பார்கள். எந்த டாக்டரும் தேவையில்லை.

தில்லைநாதன் அங்கிள் குவேக்கர்ஸ் ஹில்லில் மகன் வீட்டில் இருந்தவர். கொழும்பில் ரயில்வே இஞ்சினியர், பிறகு சிட்னியில் அதே துறையில் சில வருஷம். ஓய்வு பெற்ற பிறகு கொரில்லாப் பைத்தியம் பிடித்துவிட்டது. நூலகத்தில் கொரில்லா பற்றி இருந்ததையெல்லாம் படித்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்து எங்களுக்கே பாடம் எடுப்பார். அவருடைய மனைவி புனிதம் அன்ரி. கிள்ளானில் நாங்கள் ஆண்டி என்போம், சிட்னியில் இலங்கைத் தமிழரோடு பழகி எனக்கும் 'அன்ரி' ஒட்டிக்கொண்டது. அன்ரிக்கு மிருகம் என்றாலே ஆகாது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் துணி காயப்போட வெளியே வரமாட்டார். "இவர் தனியப் போனால் மருந்து ஆர் எடுத்துக் குடுக்கிறது? அதுக்குத்தான் வாறன். லொட்ஜில இருந்து பின்னிக்கொண்டிருப்பன்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். ஆனால் அங்கிள் விடவில்லை. அன்ரிக்கும் அனுமதிச் சீட்டு வாங்கி, சிட்னிக்கு அருகிலுள்ள ப்ளூ மவுண்டன்ஸ் மலைப் படிக்கட்டுகளில் வாரம் தவறாமல் ஏற்றி இறக்கித் தயார்ப்படுத்தியிருந்தார்.

மார்கரெட் வராத பயணம் அது. நான்தான் தலைவி. விமானத்தில் அங்கிள் இருக்கை இருக்கையாகப் போய், தும்மல் ஏன் ஆபத்து, இருமல் ஏன் ஆபத்து என்று குழுவில் இருந்த எல்லோருக்கும் விளக்கினார். எனக்குப் பாதி வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேன்.

மலை ஏற வேண்டிய காலை. விடுதியில் சாப்பாட்டு மேசை. எல்லோரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உற்சாகமாக இருந்தார்கள். அங்கிள் கொஞ்சம் தள்ளி, ஒரு மூலையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் காலை வணக்கம் சொன்னேன்.

"பலைக்கு எத்தனை பணிக்குப் பிள்ளை வெளிக்கிடுறது?" என்றார்.

'ம' இரண்டும் 'ப' ஆகியிருந்தன. அவரை மெல்ல வெளியே அழைத்துக்கொண்டு போனேன். அன்ரியும் பின்னால் வந்தார்.

"அங்கிள், சளி பிடிச்சிருக்கா?"

"சீச்சீ. எனக்குத் தடிபன் ஒண்டுப் இல்லை."

தடிமன் என்பது சளிக்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் பெயர். இல்லை என்று சொன்ன வாயே காட்டிக்கொடுத்துவிட்டது.

"அங்கிள், 'மாமி மாம்பழம்' சொல்லுங்க பாப்போம்."

"ஏன்?"

"சும்மா சொல்லுங்களேன்."

"பாபி பாப்பழம்."

அன்ரி தன்னை அறியாமல் கெக்கலி கொட்டிச் சிரித்துவிட்டார். மறுகணம் கணவரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அங்கிளின் முகம் சிவந்து போயிருந்தது. இனி அவர் பேச்சை, வாசிக்க வசதியாக, பெரும்பாலும் 'ம'வோடே எழுதுகிறேன்.

"நான் இவ்வளவு தூரம் வந்தது இஞ்ச கதிரையில குந்தியிருக்கவே? எல்லாருக்கும் பின்னால நிக்கிறன். வாயைத் துணியால கட்டிக்கொண்டு நிக்கிறன்."

சத்தம் கேட்டு, எங்கள் குழுவில் இருந்த மெல்பர்ன் பல் மருத்துவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் அங்கிள் பக்கம் சேர்ந்துகொண்டார். "வயதானவர், பாவம். கடைசியில் நிற்கட்டுமே" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மலையடிவாரத்தில் தலைமை வழிகாட்டி எல்லோரையும் பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். அங்கிள் தலையை ஆட்டிவிட்டால், நான் வாயைத் திறக்காவிட்டால், அவர் மேலே போய்விடுவார். யாருக்கும் தெரியாது.

அங்கிள் குரலை இறக்கினார். "பிள்ளை, எனக்கு எழுபத்திரண்டு வயது. இன்னொருக்கா வர நான் இருப்பனோ, என்னவோ?"

அந்த நேரத்தில் மார்கரெட்டின் தேநீர் வித்தை எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னேன்.

"அங்கிள், நாம பார்க்கப் போற குடும்பத்துல புதுசா ஒரு குட்டி பொறந்திருக்காம். நேத்து வழிகாட்டி சொன்னாரு. இன்னும் தாய் வயித்துலதான் தொங்கிக்கிட்டு இருக்காம். நீங்க ஏற வேணாம். நான் விட மாட்டேன்."

அவர் திரும்பி மலையைப் பார்த்தார். மேலே பனிமூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "நீ சொல்ல முன்னமே தெரியும். அதுதான் விடிய எழும்பி இவளுக்கும் தெரியாமல் தடிமனுக்கு இரண்டு குளிசை போட்டனான். ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணிப்போட்டு." பிறகு அவரே சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலில் முடிந்தது. பல் மருத்துவர் தானாக இரண்டடி பின்வாங்கினார்.

"நானும் நிக்கிறன் இவரோட" என்றார் அன்ரி, விட்டது தொல்லை என்பது போல.

"ஐயோ, நீ போ. எனக்குப் பதிலா நீ போட்டு வா. வந்து ஒண்டும் விடாமல் எனக்குச் சொல்ல வேணும்."

"நானோ? தனியவோ? பக்கத்து வீட்டு நாய்க்கே நான்..."

"போட்டு வா, புனிதம்."

அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அன்றுதான் முதல்முறை கேட்டேன். அன்ரி பையை எடுத்துக்கொண்டார்.

அந்த ஏற்றத்தை அன்ரி எப்படி ஏறினார் என்பதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. சேறு முழங்கால் வரை. சுமை தூக்க வந்த கிரேஸ் என்ற இளம்பெண், அன்ரியின் பையோடு அன்ரியையும் சேர்த்துத்தான் தூக்கினாள் என்று சொல்ல வேண்டும். வழியில் மூச்சு வாங்க நின்றபோது, அவளுடைய அப்பா இதே காட்டில் கண்ணி வைத்து வேட்டையாடியவர் என்றும், இப்போது அண்ணன் கண்ணிகளைத் தேடி அறுக்கும் காவலர் என்றும் கிரேஸ் சொன்னாள். அன்ரி தன் இஞ்சி இனிப்பை அவள் வாயில் போட்டுவிட்டு, "பாவம், என்னையும் இழுக்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

பிறகு வழிகாட்டி கையைக் காட்டினார். செடிகளுக்கு நடுவே, ஒரு சின்னக் கார் அளவுக்கு, வெள்ளி முதுகோடு ஆண் கொரில்லா உட்கார்ந்திருந்தது. அன்ரி என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. கொரில்லா எங்களைப் பார்த்தது. ஒரு கிளையை இழுத்து இலைகளை உருவித் தின்றது. பிறகு கொஞ்சம் சாய்ந்து, காடே அதிர்வது போல, வாயு விட்டது.

எல்லோரும் உறைந்து நின்றோம். சிரிக்கக் கூடாது. என் பக்கத்தில் அன்ரியின் தோள் குலுங்குவது தெரிந்தது. என் கையை விட்டுவிட்டு முந்தானை இல்லாத குறைக்குக் கழுத்துத் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். அதோடு அவருடைய பயம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் புதருக்குப் பின்னாலிருந்து தாய் வந்து உட்கார்ந்தது. அதன் மார்பில் கைப்பிடி அளவுக் கறுப்புத் தலை. பால் குடித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கேமராவை உயர்த்தினார்கள். அன்ரி மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்புக்கு என்னவோ என்று பயந்து குனிந்தேன்.

"பிள்ளைக்குப் பால் குடுக்கிறா" என்று என் காதில் சொன்னார். "குடுத்து முடிக்கட்டும்."

எத்தனையோ பேரை நான் அந்த மலைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அப்படி ஒரு மரியாதையை அந்தத் தாய்க்குச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

விடுதிக்குத் திரும்பியபோது அங்கிள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அன்ரி சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அவர் முன்னால் நின்று தொடங்கிவிட்டார். வெள்ளி முதுகுக்காரர் உட்கார்ந்ததை உட்கார்ந்து காட்டினார். இலை உருவியதை உருவிக் காட்டினார். அந்த இன்னொன்றையும் வாயால் செய்து காட்டினார். விடுதிச் சமையல்காரர்கள் குசினியை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னொண்டு, நாங்கள் கொஞ்சம் அசைஞ்சவுடன அது இருமிச்சுது! அதுக்கும் தடிமனோ?"

"அது தடிபன் இல்லையப்பா. கிட்ட வராதே எண்டு சொல்லுது" என்று இடையில் புகுந்தார் அங்கிள்.

"அப்ப உங்கட இருமலும் அதுதானே? எல்லாரும் தள்ளித்தானே நிண்டினம்!"

அங்கிள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தக் குட்டி எவ்வளவு பெரிது, எத்தனை பெண் கொரில்லா என்று துருவித் துருவிக் கேட்டார். எதற்கும் அன்ரியிடம் சரியான பதில் இல்லை. ஆனால் தாய் குட்டியின் முதுகைத் தடவிய விதத்தை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

சிட்னி திரும்பி, நடந்ததை மார்கரெட்டிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அவருடைய நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறது?" இரண்டாவதாகக் கேள்வி எதுவும் இல்லை. "அடுத்த வருஷக் குழுவில் அவருக்கு இடம் வை. நிறுவனத்தின் செலவு" என்றார். பிறகு அதையே விதியாக்கினார். உடம்பு சரியில்லை என்று தானே சொல்லி நின்றுகொள்பவருக்கு அடுத்த பயணத்தில் இடம் உண்டு. அந்த விதி வந்த பிறகு ஒளித்து மாத்திரை போட்டவர்களை நான் பார்க்கவில்லை. கையைத் தூக்கிச் சொன்னார்கள்.

இடையில் ஒரு சனிக்கிழமை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை முடிந்து, மண்டபத்தில் மூத்தோர் கூட்டம். புனிதம் அன்ரி பேசுகிறார் என்று சொல்லியிருந்தார்கள். நானும் கணவரும் போனோம். அன்ரி மேடையில் நின்று பேச, அங்கிள் மடிக்கணினியில் படங்களைத் தட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் ஒருவர் எழுந்து, "எல்லாப் படத்திலும் அன்ரி நிக்கிறா. அங்கிள், நீங்கள் எங்க நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"நான் லொட்ஜில இருமிக்கொண்டு இருந்தனான்" என்றார் அங்கிள், எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி. "மேல போயிருந்தால் அந்தக் குட்டி இருமிக்கொண்டு இருந்திருக்கும்."

அன்று அந்த மண்டபத்திலிருந்து மட்டும் ஆறு பேர் எங்களிடம் பெயர் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அங்கிள் வந்தார். அன்ரியும் வந்தார், இந்தமுறை தானாகவே. புறப்படும் வாரத்தில் நான் தொலைபேசியில் கூப்பிட்டபோது அங்கிள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மாமி, மாம்பழம், மரம், மாடு, மத்தளம்" என்று அடுக்கிவிட்டு, "போதுமே?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

மலையில் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க அன்று வெகு நேரமானது. கடைசியில் ஒரு சரிவில், பழைய இடத்திலிருந்து மிகத் தள்ளி, அவை படுத்திருந்தன. அங்கிள் கேமராவை எடுக்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ரயில் வருவதைப் பார்க்கும் இஞ்சினியர் போல நின்றார். போன வருஷம் தாயின் மார்பில் இருந்த குட்டி இப்போது நடக்கும் பருவம். கிளையில் தொங்கியது, விழுந்தது, எழுந்தது. பிறகு எங்களைப் பார்த்துவிட்டது. அதற்கு என்ன தோன்றியதோ, நேராக அங்கிளை நோக்கித் தத்தித் தத்தி வந்தது.

அவர் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது அதுதான். ஓரடி எடுத்து வைத்துக் கையை நீட்டியிருந்தால் அந்த விரல்கள் அவருடைய விரல்களைத் தொட்டிருக்கும். அங்கிள் ஓரடி பின்னால் வைத்தார். குட்டி வந்தது. அவர் இன்னும் ஓரடி பின்னால் போனார். வழிகாட்டி ஏதோ சைகை காட்டினார். அங்கிள் குட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், மேலும் மேலும் பின்வாங்கி, தொப்பென்று காஞ்சொறிப் புதரில் உட்கார்ந்தார்.

பட்டால் தீப்போல எரியும் செடி அது. சத்தம் போட முடியாது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். குட்டி நின்றது, புதருக்குள் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய மனிதரைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது, தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டியது, திரும்பி அம்மாவிடம் ஓடியது.

அன்ரியும் நானும் ஓடிப்போய் ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். அவர் எழுந்திருக்க மறுத்தார். கன்னமெல்லாம் கண்ணீர், கை முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தது, உடம்பு முழுவதும் சத்தமில்லாமல் சிரிப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கவிடு, புனிதம்" என்றார். "இஞ்சயிருந்து நல்லாத் தெரியுது."